வானத்திலிருந்து சம்பா மகசூலைக் கணிப்பது எப்படி: காவிரி டெல்டாவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

தை மாதம் டெல்டாவில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வயலின் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், ஒருவர் தாளோடு நிற்பார். தாளில் குலுக்கல் முறையில் வந்த இரண்டு எண்கள் இருக்கும். அத்தனை காலடி ஒரு பக்கம், அத்தனை காலடி இன்னொரு பக்கம் நடந்து, அங்கே முளை அடித்துக் கயிறு கட்டுவார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். அந்தச் சதுரத்துக்குள் நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். இதற்குப் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை. அரசின் உற்பத்திக் கணக்கும் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் பெரும்பாலும் இந்தச் சதுரத்தின் மேல்தான் நிற்கின்றன.

கயிறு விழாத வயல்களுக்கும் ஊர்களுக்கும் அந்த எடையை ஊகிப்பதுதான் செயற்கைக்கோள் படத்தையும் மெஷின் லேர்னிங்கையும் வைத்து மகசூல் கணிப்பது. பலரும் மாடலில், அதாவது தரவைப் பார்த்துக் கணிக்கக் கற்கும் கணினிக் கணக்கில், தொடங்கி, அது சொதப்பிய பிறகு தரவுப் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். பைத்தான் கொஞ்சம் தெரிந்த வேளாண் மாணவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தரவு பார்ப்பவர் போன்றவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1972-ல் சோவியத் யூனியன் சத்தமில்லாமல் அமெரிக்கக் கோதுமையைப் பெரிய அளவில் வாங்கிக் கொண்டுபோனது, விலை ஏறியது. அதே ஆண்டுதான் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளும் ஏவப்பட்டது. 1974-ல் நாசாவும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து 'லேசி' என்ற திட்டத்தைத் தொடங்கின. அடுத்த நாட்டின் கோதுமை விளைச்சலை மேலிருந்து கணிப்பதே நோக்கம். 1977-ல் சோவியத் விளைச்சல் குறையப் போவதை முன்கூட்டியே சொல்லவும் செய்தார்கள். அன்றைக்கு ஒரு வல்லரசால் மட்டுமே முடிந்ததை இன்று மடிக்கணினி வைத்திருப்பவர் செய்யலாம். லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம், ஐரோப்பாவின் சென்டினல் படங்கள் தொடக்கத்திலிருந்தே இலவசம்.

முதல் படி: எதை, எப்போது, யாருக்கு

வயல் வாரியாகவா, வருவாய்க் கிராமம் வாரியாகவா? அறுவடைக்கு ஒரு மாதம் முன்பா, அறுவடை முடிந்த பிறகா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதி வைக்காமல் கணினியைத் திறக்காதீர்கள். கொள்முதல் நிலையம் எங்கே திறப்பது, எத்தனை சாக்கு வேண்டும் என்பதற்கு முன்கணிப்பு வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. காப்பீட்டுக்குப் பருவம் முடிந்த பிறகு வரும் மதிப்பீடு போதும், ஆனால் துல்லியம் வேண்டும். தனி ஒரு விவசாயியின் வயலுக்கு மகசூல் சொல்வது மிகக் கடினம். கிராமச் சராசரி சொல்வது செய்யக்கூடியது. வயலுக்கு வயல் வரும் பிழைகள் கூட்டிக் கழித்துச் சமன்பட்டுவிடும். முதல் முயற்சிக்கு கிராமத்தையே எடுங்கள்.

பருவத்தையும் ஒன்றாக வையுங்கள். குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவங்களையும் ஒரே கூடையில் போட்டால் மாடல் மகசூலைக் கற்காது, பருவத்தைத்தான் கற்கும். இங்கே சம்பாவை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: மண்ணில் எடுத்த எண்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 25 சதுர மீட்டரில் 12.5 கிலோ நெல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு மாற்ற 400-ஆல் பெருக்க வேண்டும், 5,000 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 2,023 கிலோ, அறுபது கிலோ மூட்டையில் 34 மூட்டை. அந்த 400-ஐக் கவனியுங்கள். தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ போய்விடுகிறது.

அடுத்தது ஈரம். அறுத்த கையோடு எடை போட்ட நெல்லில் 20 சதவீத ஈரப்பதம் இருந்தால், 14 சதவீதத்துக்குக் கொண்டுவர 12.5-ஐ 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும். 11.63 கிலோ வரும். ஹெக்டேருக்கு 4,651. ஒரே வயல், ஒரே சதுரம், ஈரத்தை விட்டதற்காக மட்டும் கிட்டத்தட்ட 350 கிலோ வித்தியாசம். ஒரு ஊரில் ஈரமானி வைத்து எடுத்தார்கள், பக்கத்து ஊரில் எடுக்கவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை உங்கள் மாடல் ஏதோ ஒரு செயற்கைக்கோள் அளவின் தலையில் கட்டிவிடும்.

சதுரத்தின் ஓரத்தில் நிற்கும் நெற்குத்துகளை உள்ளே சேர்ப்பதா விடுவதா என்பதும் பழைய சிக்கல். சிறிய சதுரங்கள் மகசூலைக் கூட்டிக் காட்டும் என்று புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே 1940-களிலேயே காட்டியிருக்கிறார். ஓரத்துக் குத்தை உள்ளே இழுத்துப்போடும் ஆசை யாருக்கும் வரும். தவிர, பரிசோதனையில் கையால் அறுத்து ஒரு மணி விடாமல் சேர்க்கிறார்கள். விவசாயியின் வயலில் அறுவடை இயந்திரம் கொஞ்சம் சிந்திவிட்டுப் போகும். எனவே பரிசோதனை எண்ணையும் விவசாயி சொல்லும் மூட்டைக் கணக்கையும் ஒரே நெடுவரிசையில் கலக்காதீர்கள். மூட்டையின் எடையும் ஊருக்கு ஊர் மாறும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தை 'மா' கணக்கில் சொன்னால் ஏக்கருக்கு மூன்று மா என்று மாற்றிக்கொள்ளலாம்.

இனி இடம். சென்டினல் படத்தின் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட். கயிறு கட்டிய சதுரம் அந்தப் பிக்சலில் கால் பங்குதான். ஒரு மா நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 36 மீட்டர் சொச்சம். வரப்பில் விழும் பிக்சல்களைக் கழித்தால் நான்கைந்து முழுப் பிக்சல் தேறினாலே அதிகம். கைபேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தவறினாலும் பக்கத்து வயலில் போய் உட்காரும். அதனால் புள்ளியாகக் குறிக்காமல் வயலைச் சுற்றி நடந்து எல்லையாகக் குறியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வரைபடத்தில் போட்டு, வரப்போடு பொருந்துகிறதா என்று கண்ணால் பாருங்கள். ரகம், நடவா நேரடி விதைப்பா, நட்ட தேதி, அறுத்த தேதி இவற்றையும் அன்றே கேட்டு எழுதுங்கள். பிற்பாடு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மூன்றாம் படி: ரேடாரா, கேமராவா

பஞ்சாப் கோதுமைக்கு எழுதிய பாடத்தை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டுவந்தால் முதல் வாரமே மாட்டிக்கொள்வீர்கள். சென்டினல்-2 நல்ல கேமராதான்: 13 அலைவரிசைகள், ஐந்து நாளைக்கு ஒரு படம். ஆனால் சம்பா தூர் கட்டிப் பொதிக்கு வரும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை படத்தைத் திறந்தால் வெள்ளை மேகம்தான் தெரியும்.

மேகத்தை ஊடுருவுவது ரேடார். சென்டினல்-1 சுமார் 5.6 சென்டிமீட்டர் அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. இரவு பகல், மழை வெயில் எதுவும் பொருட்டல்ல. ஒரு செயற்கைக்கோள் ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். 150 நாள் சம்பாவுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று படம் கிடைக்கும்.

நெல்லுக்கு ரேடார் பொருந்துவதற்குக் காரணம் தண்ணீர். சேறு கலக்கித் தண்ணீர் கட்டிய வயல் ரேடாருக்குக் கண்ணாடி மாதிரி; அனுப்பிய அலை வேறு திசையில் எகிறிப் போய்விடும், படத்தில் வயல் கறுப்பாகத் தெரியும். நாற்று ஊன்றித் தூர் வெடிக்க வெடிக்க, அலை தாள்களுக்கு இடையே சிதறித் திரும்பி வரும். வயல் மெல்ல வெளுக்கும். குறிப்பாக விஹெச் எனப்படும் குறுக்குத் துருவ அளவில் (செங்குத்தாக அனுப்பிய அலை கிடையாகத் திரும்பி வருவதை அளப்பது) இந்த ஏற்றம் தெளிவாகத் தெரியும். கறுத்த நாள் நடவை ஒட்டிய நாள், வெளுப்பு நின்ற கட்டம் கதிர் வரும் காலத்தை ஒட்டியது.

செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கையாள உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் இந்தப் படங்கள் ஓரளவு பதப்படுத்தித் தயாராக இருக்கின்றன. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் கட்டணம் இல்லை. மூன்று விஷயங்களில் மட்டும் ஜாக்கிரதை. ஒன்று, ஒரே சுற்றுப்பாதையில் வந்த படங்களை மட்டும் எடுங்கள். பார்க்கும் கோணம் மாறினால் வயல் மாறாமலே எண் மாறும். இரண்டு, அங்கே அளவுகள் டெசிபலில் இருக்கும். டெசிபல் மடக்கைக் கணக்கு, அதை நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. சாதாரண எண்ணாக மாற்றி, சராசரி எடுத்து, பிறகு திருப்புங்கள். மூன்று, ரேடார் படத்தில் உப்பு மிளகு தூவியது போல் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். தனிப் பிக்சலை நம்பாதீர்கள், வயல் சராசரியை நம்புங்கள்.

கேமராவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மழை விட்டு ஜனவரியில் வானம் தெளியும்போது கிடைக்கும் ஓரிரண்டு படங்கள் பயன்படும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் என்டிவிஐ எல்லோருக்கும் தெரிந்த பசுமைக் குறியீடு. பயிர் அடர்ந்ததும் அது ஒரு மட்டத்தில் தேங்கிவிடும். நல்ல வயலையும் மிக நல்ல வயலையும் பிரித்துக் காட்டாது. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடையிலுள்ள சிவப்பு விளிம்பு அலைவரிசைகளை வைத்துச் செய்யும் குறியீடு அங்கே கைகொடுக்கும்.

நான்காம் படி: எது நெல், எது நெல் இல்லை

கிராமச் சராசரி எடுக்கும் முன் நெல் வயலை மட்டும் வடிகட்ட வேண்டும். கறுத்து வெளுப்பது நெல். பருவம் முழுக்கக் கறுப்பாகவே கிடப்பது குளம் அல்லது கடலோர இறால் குட்டை. எப்போதும் வெளுப்பாக இருப்பது தென்னை, வாழை, கரும்பு. இந்த எளிய விதியே பெரும்பகுதியைப் பிரித்துவிடும். மீதிக்கு ரேண்டம் ஃபாரஸ்ட், அதாவது பல முடிவு மரங்களின் விடையைச் சேர்த்துச் சொல்லும் கற்றல் முறை, போடலாம்.

டெல்டாவுக்கே உரிய இரண்டு பொறிகள் உண்டு. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் புழுதியில் நேரடியாக விதைத்துவிடுவார்கள். அங்கே நடவுக்கு முந்திய 'கறுப்பு நாள்' வராது. மழையில் வயல் நிரம்பும்போது பயிர் ஏற்கெனவே ஒரு சாண் வளர்ந்திருக்கும். நடவை மட்டும் மனதில் வைத்து எழுதிய விதி இந்த வயல்களைத் தரிசு என்று தள்ளிவிடும். இன்னொன்று உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு பசுமை விழுந்து, விரைவிலேயே திரும்பவும் ஏறும். இதைத் தெரியாத நிரல் அறுவடைத் தேதியைத் தப்பாக எடுக்கும்.

ஐந்தாம் படி: நாட்காட்டியை மறந்து பயிரின் வயதை எண்ணுங்கள்

'நவம்பர் 15-ல் விஹெச் அளவு' என்று ஒரு நெடுவரிசை போட்டால் அது அர்த்தமில்லாதது. ஒரு ஊரில் அன்றைக்குப் பயிருக்கு 60 நாள், வாய்க்கால் கடைசியில் இருக்கும் ஊரில் 30 நாள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறந்த ஆண்டும் தாமதமாகத் திறந்த ஆண்டும் வேறு வேறு. எல்லா வயலையும் பயிரின் வயதுக்கு மாற்றி அடுக்க வேண்டும்.

இங்கே நெல்லின் இயல்பு ஒன்று உதவும். ரகத்துக்கு ரகம் பெரிதும் மாறுவது ஆரம்ப வளர்ச்சிக் காலம்தான். குருத்துக்குள் கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரை ஏறத்தாழ 35 நாள், பூவிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ 30 நாள் என்பது நீண்டகால ரகத்துக்கும் குறுகியகால ரகத்துக்கும் பெரும்பாலும் பொது. அதனால் அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பூக்கும் காலத்தை நெருங்கிப் பிடிக்கலாம். முன்கணிப்புக்கு அறுவடைத் தேதி கையில் இருக்காது. அப்போது விஹெச் உச்சத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு கிராமத்துக்கும் சில எண்கள்: கறுப்பு நாள், கறுப்பிலிருந்து உச்சம் வரை எத்தனை டெசிபல், எத்தனை நாள், உச்ச அளவு, நடுவில் திடீரென்று விழுந்த நாட்கள். வளர்ந்த பயிரின் அளவு சட்டென்று விழுந்தால் வெள்ளத்தில் மூழ்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

வானிலையையும் இதே வயதுக் கணக்கில் சேருங்கள். பூக்கும் பதினைந்து நாளில் எத்தனை நாள் மழை, பால் பிடிக்கும் காலத்தில் வெயில் எவ்வளவு, இரவு வெப்பம் எவ்வளவு. கடைசியதை அலட்சியமாக விடாதீர்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல்களில் எடுத்த நீண்டகாலத் தரவை வைத்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைந்தது. மழைக்கு இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவு இருக்கிறது. ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது பக்கத்துக்கு 27 கிலோமீட்டர் சொச்சம் என்பதால் பக்கத்துப் பக்கத்து ஊர்களைப் பிரித்துக் காட்டாது.

ஆறாம் படி: மாடல்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலையில் எளிய பகுதி இது. முதலில் எந்தக் கற்றலும் இல்லாத ஒரு கணிப்பு செய்யுங்கள்: அந்தக் கிராமத்தின் முந்தைய ஆண்டுகளின் சராசரி. இதைத் தோற்கடிக்காத மாடலுக்கு மதிப்பில்லை. அடுத்து நேர்கோட்டுக் கணிப்பு. அதற்கும் மேலே ரேண்டம் ஃபாரஸ்ட் அல்லது முந்தைய மரத்தின் பிழையை அடுத்த மரம் திருத்தும் எக்ஸ்ஜிபூஸ்ட். சில நூறு வரிசைத் தரவுக்கு இதற்கு மேல் போக வேண்டாம்.

பல அடுக்கு நரம்பு வலை வைத்துக் கற்கும் ஆழ்கற்றல் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று 2017-ல் அமெரிக்க சோயா மகசூலை ஆழ்கற்றலால் கணித்தது. படத்தை அப்படியே ஊட்டாமல், எந்த நிறத்தில் எத்தனை பிக்சல் என்ற எண்ணிக்கைப் பட்டியலாகச் சுருக்கி ஊட்டினார்கள்; எந்த வயல் எந்த மூலையில் இருந்தாலும் மொத்த விளைச்சல் ஒன்றுதானே. அருமையான யோசனை. ஆனால் அவர்களிடம் பல மாநிலங்களின் மாவட்டங்களுக்குப் பல ஆண்டுகள் ஒரே முறையில் எடுத்த மகசூல் கணக்கு இருந்தது. நம்மிடம் உள்ளது ஏழெட்டு ஆண்டு, அதிலும் பாதி எக்செல் கோப்பில் ஊர்ப் பெயர் மூன்று விதமாக எழுதியிருக்கும்.

வேறொரு வழியும் உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், மேலே சொன்ன நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து செய்த வேலையில், ரேடாரிலிருந்து நடவுத் தேதியும் இலை வளர்ச்சியும் எடுத்து, ஒரைசா என்ற நெற்பயிர் உருவகத்துக்குள் செலுத்தி மகசூலைக் கணக்கிட்டார்கள். பயிரின் உடலியலே இங்கே மாடல். தரவு குறைவான இடத்தில் இது நிதானமான வழி. பயிர் உருவகத்தின் விடையை ரேண்டம் ஃபாரஸ்டுக்கு இன்னொரு நெடுவரிசையாகக் கொடுத்துப் பார்ப்பதும் வீண்போகாது.

ஏழாம் படி: உங்களையே ஏமாற்றிக்கொள்ளாமல் சோதிப்பது

முதல் தடவை நான் தரவைக் குலுக்கி, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினேன். முடிவு பிரமாதமாக வந்தது. ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டினேன். பிறகு ஒருவர் சும்மா கேட்டார்: "அடுத்த வருஷத்துத் தரவு ஒன்றுகூட இல்லாமல் சொல்லுமா?" ஒரு ஆண்டை முழுதாக மறைத்துவிட்டு ஓட்டினேன். கிராமச் சராசரியைவிட மோசம்.

காரணம் எளிது. ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே மழையில் நனைந்தவை. ஒன்று பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் இருந்தால், பக்கத்துப் பையன் விடைத்தாளைப் பார்த்து எழுதிய மாதிரிதான். ஒவ்வொரு ஆண்டாக முழுதாக மறைத்து, மற்ற ஆண்டுகளில் பயிற்சி கொடுத்துச் சோதியுங்கள். அப்புறம் ஒவ்வொரு குறுவட்டமாக (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) மறைத்தும் பாருங்கள். சராசரிப் பிழையோடு நில்லாமல், பிழை ஒரே பக்கமாகச் சாய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாடல்கள் நல்ல ஊரைக் குறைத்தும் மோசமான ஊரைக் கூட்டியும் சொல்லும் பழக்கம் உள்ளவை. காப்பீட்டில் இது நஷ்டப்பட்ட ஊரின் வயிற்றில் அடிப்பது.

எவ்வளவு அடி என்று பார்க்கலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உத்தரவாத மகசூலுக்குக் கீழே எவ்வளவு குறைந்ததோ, அந்த விகிதத்தில் இழப்பீடு. உத்தரவாதம் ஹெக்டேருக்கு 4,000 கிலோ, உண்மை மகசூல் 3,000 என்றால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். மாடல் 400 கிலோ கூட்டிச் சொன்னால் அது 15 சதவீதமாகிவிடும். காகிதத்தில் சிறிய பிழை போலத் தெரிவது இழப்பீட்டில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது.

எட்டாம் படி: கெட்ட ஆண்டுகள்

ரேண்டம் ஃபாரஸ்ட் தான் பார்த்த எண்களுக்குள்தான் சராசரி எடுக்கும். பயிற்சியில் மிகக் குறைந்த மகசூல் 2,500 என்றால் அதற்குக் கீழே சொல்லவே சொல்லாது. 2016 வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தபோது டெல்டாவில் பல வயல்கள் கருகின. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. இந்த ஆண்டுகளைத் 'தரவில் ஒட்டாத எண்கள்' என்று நீக்கிச் சுத்தம் செய்பவர்கள் இருக்கிறார்கள். கணிப்பே அந்த ஆண்டுகளுக்காகத்தான் வேண்டும், அவற்றை நீக்கினால் மிஞ்சுவது சராசரிதான்.

இதையும் தாண்டி, மேலிருந்து தெரியாத சேதங்கள் உண்டு. செயற்கைக்கோள் பார்ப்பது இலையையும் தாளையும், நெல்மணியை அல்ல. பூக்கும்போது அடைமழை பிடித்தால் கதிர் பதராகும், ஆனால் வயல் பச்சையாகவே நிற்கும். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்குத் தயாராக நின்ற பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைத்தது. டிசம்பர் படங்களை மட்டும் பார்த்த மாடல் அந்த ஆண்டை நல்ல ஆண்டு என்றே சொல்லியிருக்கும். எனவே முன்கணிப்பை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்தாமல், அறுவடை வரை ஒவ்வொரு ரேடார் படத்துக்கும் புதுப்பியுங்கள். வெள்ளத்தில் எத்தனை நாள் மூழ்கியது என்பதைத் தனிக் கணக்காக, விதியாக வையுங்கள். கற்றலிடம் விட வேண்டாம்.

ஒன்பதாம் படி: எண்ணை வெளியே சொல்வது

'இந்தக் கிராமம் 4,217 கிலோ' என்று நான்கு இலக்கத்தில் சொல்லாதீர்கள். 'பத்தில் ஒன்பது வாய்ப்பு, 3,700-க்கும் 4,600-க்கும் நடுவில்' என்று சொல்லுங்கள். சராசரிக்குப் பதில் கீழ், மேல் எல்லைகளைக் கணிக்கும் குவான்டைல் முறையில் ரேண்டம் ஃபாரஸ்டே இந்த வீச்சைத் தரும். ஊரில் சொல்லும்போது ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மாற்றிச் சொல்லுங்கள். ஹெக்டேர் என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூட்டை என்றால் உடனே சண்டைக்கு வருவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தச் சண்டைதான்.

பிழை அதிகமான பத்து ஊர்களைப் பட்டியல் போட்டு, வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய் வாருங்கள். ஓர் ஊரில் சர்வே எண் தப்பாக இருக்கும். இன்னொன்றில் நெல் என்று நீங்கள் நினைத்த இடம் நாணல் மண்டிய ஏரியாக இருக்கும். மூன்றாவது ஊரில் டீக்கடையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் யாராவது சொல்வார்: "அந்தப் பக்கம் பூராவும் புகையான் பூச்சி அடிச்சிருச்சுங்க, அதை எந்த சாட்டிலைட்டு பாத்துச்சு?" அதையும் ஒரு நெடுவரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள்.